சாவி பூட்டில் பொருந்திய பிறகு என்ன நடக்கிறது?

கேள்வி கேட்டவர் உயிர்வேதியியல் முதலாண்டு மாணவர் என்று சொல்லியிருக்கிறார். அவர் கேட்டது சுருக்கமாக இதுதான்: "வைரஸின் மேலுள்ள புரதம் சாவி, செல்லின் மேலுள்ள ஏற்பி பூட்டு என்று பாடத்தில் இருக்கிறது. சரி, சாவி பொருந்திவிட்டது. அப்புறம் எந்தக் கதவு திறக்கிறது? செல் சவ்வு முழுக்கக் கொழுப்புதானே, அதில் கதவு எங்கே? அந்தச் சவ்வையே மருந்தால் மாற்றிவிட்டால் எந்தக் கிருமியும் நுழையாமல் தடுக்க முடியாதா?"

சாவி, பூட்டு உவமை ஒட்டிக்கொள்வதை மட்டுமே விளக்குகிறது, உள்ளே போவதை விளக்குவதில்லை. இந்த ஓட்டையைத்தான் அவர் கண்டுபிடித்திருக்கிறார். புரதமும் புரதமும் பொருந்துவது ஒரு வேலை. புரதம் கொழுப்புச் சவ்வை வளைத்து, கிழித்து, மறுபடி தைப்பது முற்றிலும் வேறு வேலை. நான் பதினோரு ஆண்டுகள் செயற்கைக் கொழுப்புக் குமிழிகளையும் இன்ஃபுளுவென்சா வைரஸையும் வைத்து இந்த இரண்டாவது வேலையை ஆய்வுக்கூடத்தில் பார்த்தவன். மருத்துவன் அல்ல, ஆகவே சிகிச்சை பற்றிச் சொல்லும் இடங்களில், பொதுவில் நிறுவப்பட்டதைத் தாண்டி எதுவும் சொல்ல மாட்டேன்.

முதலில் சவ்வு. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக, வால்கள் உள்ளே, தலைகள் வெளியே என்று நிற்கும் இரட்டை அடுக்கு அது. 1925இல் கோர்ட்டரும் கிரென்டலும் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து நீரின் மேல் பரப்பி அளந்து இந்த முடிவுக்கு வந்தார்கள். 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் அந்தக் கொழுப்பு ஒரு திரவம்போல் நகர்கிறது, அதில் புரதங்கள் மிதக்கின்றன என்று முன்வைத்தார்கள். தடிமன் நான்கு, ஐந்து நானோமீட்டர்தான். இன்ஃபுளுவென்சா, டெங்கு, எச்ஐவி, கொரோனா போன்றவற்றுக்கும் இதே மாதிரி ஓர் உறை உண்டு. அது நம் செல்லிலிருந்தே அவை எடுத்துப் போர்த்திக்கொண்ட சவ்வு. சோப்பு போட்டுக் கை கழுவினால் இவை அழிவதும் இந்தக் கொழுப்பு உறை கரைந்துவிடுவதால்தான்.

ரசத்தின் மேல் மிதக்கும் இரண்டு நெய்த்துளிகளைக் கரண்டியால் நெருக்கினால் தொட்ட மாத்திரத்தில் ஒன்றாகிவிடும். செல் சவ்வுகள் அப்படி ஒன்றாவதில்லை. ஆகியிருந்தால் நம் உடம்பில் தனித்தனி செல் என்று எதுவும் மிஞ்சியிருக்காது. கொழுப்பின் தலைப்பகுதி நீரை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் காரணம். இரண்டு சவ்வுகளை இரண்டு, மூன்று நானோமீட்டருக்குள் கொண்டுவரும்போது நடுவில் சிக்கிய நீர் வெளியேற மறுக்கிறது, தள்ளுவிசை மளமளவென்று ஏறுகிறது. அதை வென்றாலும், நீரை வெறுக்கும் வால்கள் ஒரு கணம் வெளியே தெரியும்படி சவ்வு உடைந்து ஒட்ட வேண்டும். இரண்டுக்கும் ஆற்றல் வேண்டும். ஆக, கதவு எங்கே என்ற கேள்விக்குப் பதில்: கதவு கிடையாது. வைரஸின் உறையும் செல்லின் சவ்வும் ஒரே சவ்வாக இணைவதால் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி பிறக்கிறது. அந்த இணைப்புக்கு வேண்டிய ஆற்றலை வைரஸின் சவ்வுப் புரதம் தன் உடலிலேயே சேமித்துக்கொண்டு வருகிறது.

இது எப்படித் தெரியவந்தது என்பதை நான் அதிகம் பழகிய இன்ஃபுளுவென்சாவின் ஹீமக்ளூட்டினின் புரதத்தை வைத்தே சொல்கிறேன். வைரஸின் மேல் இது சில நூறு எண்ணிக்கையில், ஒவ்வொன்றும் மூன்று ஒரே மாதிரிப் பிரிகள் சேர்ந்த முள்ளாக, சுமார் பதின்மூன்று நானோமீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. அதன் தலைப்பகுதி நம் செல்லின் மேலுள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பிடிக்கிறது. இந்தப் பிடி மிகவும் தளர்வானது. தனி ஒரு பிடியின் வலிமை மில்லிமோலார் அளவில்தான் இருக்கிறது. மருந்து செய்பவர்கள் இப்படி ஒரு பிடியைக் கண்டால் அந்த மூலக்கூறைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆனால் நூற்றுக்கணக்கான முட்கள் ஒரே நேரத்தில் பிடிப்பதால், நெருஞ்சி முள் வேட்டியில் ஒட்டுவதுபோல வைரஸ் ஒட்டிக்கொள்கிறது. பறவைக் காய்ச்சல் வைரஸுக்கும் மனிதக் காய்ச்சல் வைரஸுக்கும் உள்ள ஒரு முக்கிய வித்தியாசம் இங்கேதான்: சியாலிக் அமிலம் அடுத்த சர்க்கரையோடு எந்தக் கோணத்தில் இணைந்திருக்கிறது என்பதைப் பார்த்து அவை பிடிக்கின்றன. சாவி, பூட்டு உவமை இந்த இடம் வரைக்கும் செல்லும். இதற்கு மேல் உதவாது.

ஒட்டிய வைரஸைச் செல்லே ஒரு சிறு பைக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தப் பைக்கு எண்டோசோம் என்று பெயர். உள்ளே போகப் போக அதில் அமிலத்தன்மை கூடி, பிஎச் அளவு 7லிருந்து 5க்கு அருகில் இறங்குகிறது. கவனியுங்கள், வைரஸ் இன்னும் செல்லுக்குள் வரவில்லை. வீட்டு வாசலைத் தாண்டியிருக்கிறது, ஆனால் ஒரு மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. 1980, 81இல் பல குழுக்கள் அமிலம் பட்டதும் இந்த வைரஸ் சவ்வோடு இணைந்துவிடுகிறது என்று காட்டின. 1981இல் வில்சன், ஸ்கீல், வைலி மூவரும் ஹீமக்ளூட்டினினின் அணு அளவிலான வடிவத்தை வெளியிட்டார்கள். அதில் ஒரு விசித்திரம் இருந்தது. சவ்வுக்குள் புக வேண்டிய, நீரை வெறுக்கும் ஒரு துண்டு, இணைவு பெப்டைடு என்று சொல்வோம், முள்ளின் அடித்தண்டுக்குள் ஒளிந்துகிடந்தது. இலக்குச் சவ்வோ முள்ளின் நுனிக்கு அப்பால் இருக்கிறது. அந்தத் துண்டு அவ்வளவு தூரம் எப்படிப் போகும்?

1993இல் காரும் கிம்மும் ஒரு விடை சொன்னார்கள். அது எலிப்பொறி மாதிரி. பொறியில் வில்லை இழுத்துக் கொக்கியில் மாட்டியாகிவிட்டது. கொக்கி விலகினால் வில் தானே பாயும். ஹீமக்ளூட்டினினும் அப்படி இழுத்து மாட்டிய நிலையிலேயே பிறக்கிறது. அமிலம் பட்டதும் தலைகள் விலகுகின்றன, நடுவில் வளையமாக மடிந்திருந்த பகுதி நீண்ட திருகுச் சுருளாக நிமிர்கிறது, நுனியில் இணைவு பெப்டைடு ஈட்டிபோல மேலே போகிறது. அடுத்த ஆண்டே அமிலம் பட்ட பிறகான வடிவம் வெளியானது. அந்தத் துண்டு குறைந்தது பத்து நானோமீட்டர் நகர வேண்டும் என்று அது காட்டியது. ஒரு புரதத்துக்கு இது மிகப் பெரிய பாய்ச்சல். எனக்கு இதில் மிகவும் பிடித்த சோதனை 1997இல் வந்தது. அமிலமே சேர்க்காமல், வெறும் சூட்டினால் அதே மாற்றத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். யூரியாவைச் சேர்த்தாலும் அதே விளைவு. அமிலம் ஆற்றலைத் தரவில்லை, கொக்கியை விலக்க மட்டுமே செய்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

பாய்ந்த பிறகு சவ்வுக்கு என்ன ஆகிறது என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். இணைவு பெப்டைடு செல்லின் சவ்வில் குத்தி நிற்கிறது. புரதத்தின் மறுமுனை வைரஸின் உறையில் வேரூன்றியிருக்கிறது. இப்போது ஒரே புரதத்தின் இரு முனைகள் இரண்டு சவ்வுகளில். அடுத்து அது முழங்கையை மடக்குவதுபோல நடுவில் மடிகிறது. மடிய மடிய இரண்டு சவ்வுகளும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கப்படுகின்றன. ஒரு முள் மட்டும் இதைச் செய்ய முடியாது. அருகருகே உள்ள மூன்று, நான்கு முட்கள் சேர்ந்து மடிந்தால்தான் போதுமான விசை கிடைக்கிறது என்று தனித்தனி வைரஸ்களைப் பார்த்துச் செய்த அளவீடுகள் சொல்கின்றன. நெருங்கிய சவ்வுகளில் முதலில் எதிரெதிரே உள்ள வெளி அடுக்குகள் மட்டும் கலக்கின்றன. உள் அடுக்குகள் இன்னும் தனித்தனி. இதை அரை இணைவு என்போம். பிறகு அந்த இடத்தில் ஒரு துளை பிறந்து விரிகிறது, வைரஸின் மரபுப்பொருள் அந்த வழியாகச் செல்லுக்குள் இறங்குகிறது.

அரை இணைவு என்ற நிலை கற்பனை இல்லை என்பதை 1994இல் ஒரு சோதனை காட்டியது. ஹீமக்ளூட்டினினின் சவ்வைத் துளைத்து நிற்கும் வேரை வெட்டிவிட்டு, அதற்குப் பதில் வெளி அடுக்கில் மட்டும் ஒட்டி நிற்கும் ஒரு கொழுப்பு நங்கூரத்தைப் பொருத்தினார்கள். வெளி அடுக்குகள் கலந்தன, துளை திறக்கவில்லை. புரதத்தின் வெளியே தெரியும் பகுதி முழுதாக இருந்தும், சவ்வுக்குள் புதைந்த கடைசித் துண்டு இல்லாததால் வேலை பாதியில் நின்றுவிட்டது. அந்த வேரை வெறும் ஆணி என்று நினைத்திருந்தவர்களுக்கு இது பெரிய திருத்தம். நாங்கள் செய்ததும் இதே வகைச் சோதனைகள்தான். ஒளிரும் சாயத்தை வைரஸ் உறையில் அதிகமாக நிரப்பினால் சாய மூலக்கூறுகள் ஒன்றின் ஒளியை மற்றொன்று அணைத்துக்கொண்டு மங்கலாக இருக்கும். அமிலம் விட்டதும் சவ்வுகள் இணைந்து, சாயம் பரவி, கருவியில் கோடு மேலே எழும். முதல் முறை அந்தக் கோடு எழுந்ததைப் பார்த்தபோது, ஒரு நோயின் முதல் நிமிடத்தைக் கண்ணால் பார்க்கிறேன் என்று தோன்றியது. அந்த உணர்வு இன்றுவரை போகவில்லை.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பாய்ச்சலுக்கு முந்தைய வடிவம் உறுதி. பிந்தைய வடிவம் உறுதி. நடுவில் நடப்பது இன்னும் மங்கல். காரணம் முறையிலேயே இருக்கிறது. 1981இன் வடிவத்துக்காக அன்னாசியிலிருந்து எடுக்கும் புரோமிலைன் என்ற நொதியால் முள்ளைச் சவ்விலிருந்து அறுத்து எடுத்தார்கள். சவ்வுக்குள் இருந்த வேர் படத்தில் கிடையாது. 1994இன் வடிவத்திலோ இணைவு பெப்டைடே வெட்டப்பட்டிருந்தது. சவ்வில் வேலை செய்யும் புரதத்தைச் சவ்வு இல்லாமல் படம் பிடித்தோம். உறைகுளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு, 2020இல் இடைநிலைகள் சிலவற்றை அமிலச் சூழலில் பிடித்திருக்கிறார்கள். ஆனாலும் பெப்டைடு சவ்வுக்குள் எவ்வளவு ஆழம் போகிறது, அங்கே அது கொழுப்பை வளைக்கிறதா அல்லது பிடித்து நிற்க மட்டும் செய்கிறதா, துளையின் ஓரத்தில் புரதம் நிற்கிறதா, கொழுப்பு மட்டுமா என்பதில் நல்ல ஆய்வாளர்களே வேறு வேறு கருத்து வைத்திருக்கிறார்கள். அசைவூட்டப் படங்களில் இதை எல்லாம் துல்லியமாகக் காட்டுவார்கள். அந்த நடுப்பகுதியைப் பாதி அனுமானம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எலிப்பொறிக்கு யார் வில்லை மாட்டுகிறார்கள் என்பது நோயின் கடுமையையே தீர்மானிக்கிறது. ஹீமக்ளூட்டினின் ஒரே சங்கிலியாகப் பிறக்கிறது. அதை ஓர் இடத்தில் வெட்டினால்தான் பொறி ஆயத்தமாகும். வெட்டாத வைரஸ் ஒட்டும், ஆனால் உள்ளே போகாது. வெட்டும் கத்தியோ வைரஸிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது. வழக்கமான இன்ஃபுளுவென்சா வைரஸை வெட்டக்கூடிய நொதிகள் மூச்சுப்பாதையில் இருப்பதால் நோயும் பெரும்பாலும் அங்கேயே நிற்கிறது. கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் எச்5என்1 வகைகளில் வெட்டுமிடத்தில் நேர்மின்னூட்டம் கொண்ட அமினோ அமிலங்கள் வரிசையாகச் சேர்ந்துவிட்டன. அதை ஃபியூரின் என்ற நொதி வெட்டும், ஃபியூரின் அநேகமாக எல்லாத் திசுக்களிலும் இருக்கிறது. அதனால் அந்த வைரஸ் கோழியின் உடம்பு முழுக்கப் பரவுகிறது. கொக்கி எவ்வளவு இறுக்கம் என்பதும் முக்கியம். தளர்வாக இருந்தால் காற்றில், மூக்கின் லேசான அமிலத்தில், பொறி வீணாகப் பாய்ந்துவிடும். 2012இல் எச்5என்1 வைரஸைக் காற்றுவழி பரவக்கூடியதாக மாற்றி ஃபெரட் விலங்குகளில் சோதித்த இரண்டு ஆய்வுகளிலும், தேவைப்பட்ட மாற்றங்களில் ஒன்று இந்தப் புரதத்தை உறுதியாக்கும் மாற்றம். அந்த ஆய்வுகளை வெளியிடலாமா என்று உலகமே சண்டையிட்டது வேறு கதை.

ஹீமக்ளூட்டினின் சவ்வை இணைத்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு கட்டு அவிழ வேண்டும். அதற்கு எம்2 என்ற இன்னொரு சவ்வுப் புரதம் இருக்கிறது. வெறும் 97 அமினோ அமிலங்கள், நான்கு பிரதிகள் சேர்ந்து வைரஸ் உறையில் ஒரு குழாய். எண்டோசோமின் அமிலத்தை வைரஸுக்குள் விட்டு உட்கட்டைத் தளர்த்துகிறது. அமான்டடின் என்ற பழைய மருந்து இந்தக் குழாயை அடைப்பதன் மூலம் வேலை செய்தது. குழாயின் உள்சுவரில் 31ஆவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியது, மருந்து செல்லாக்காசாகிவிட்டது. 2006 ஜனவரியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இன்ஃபுளுவென்சாவுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே அறிவித்தது.

எச்ஐவியின் பொறியும் இதே வகைதான், கொக்கி மட்டும் வேறு. அமிலம் வேண்டாம். வைரஸின் மேற்புரதம் முதலில் சிடி4 என்ற ஏற்பியைப் பிடிக்கிறது, பிறகு சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4 என்ற இரண்டாவது ஏற்பியைப் பிடிக்கிறது, அப்போதுதான் அதனோடு சேர்ந்துள்ள, சவ்வை இணைக்கும் ஜிபி41 என்ற புரதம் பாய்கிறது. இரண்டு கையெழுத்து வேண்டும் என்பதுபோல. சிசிஆர்5இல் 32 எழுத்துகள் விடுபட்ட மரபணுவை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு அந்த வகை எச்ஐவி பெரும்பாலும் தொற்றுவதில்லை. அப்படிப்பட்ட ஒருவரின் எலும்பு மஜ்ஜையைப் பெற்றுத்தான் பெர்லின் நோயாளி என்று அறியப்பட்ட டிமத்தி ரே பிரவுன் எச்ஐவியிலிருந்து விடுபட்டார். ஜிபி41 நிமிர்ந்து மடிவதற்கு இடையிலான சிறு இடைவெளியில் நுழைந்து, முழங்கை மடங்காமல் தடுக்கும் மருந்தும் வந்தது: என்ஃபுவிர்டைடு, 2003இல் அனுமதி பெற்றது, 36 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு. இணைவைத் தடுக்க முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. நாளுக்கு இரண்டு முறை ஊசி என்பதால் பரவலாகவில்லை.

டெங்குவில் சவ்வை இணைக்கும் 'ஈ' (E) என்ற உறைப் புரதம் முள்ளாக நிற்பதே இல்லை. 180 பிரதிகள், இரண்டிரண்டாகச் சேர்ந்து, ஓடு வேய்ந்ததுபோல வைரஸின் மேல் படுத்துக்கிடக்கின்றன. அமிலம் பட்டதும் எழுந்து மூன்று மூன்றாகக் கூடி மடிகின்றன. வடிவத்தில் ஹீமக்ளூட்டினினோடு எந்த ஒற்றுமையும் இல்லாத புரதம், செய்யும் வேலை அச்சு அசல் அதுவே. இங்கே சவ்வின் பங்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது: எதிர்மின்னூட்டம் கொண்ட சில கொழுப்புகள் இலக்குச் சவ்வில் இருந்தால்தான் டெங்குவின் இணைவு முழுமை பெறுகிறது என்று 2010இல் காட்டப்பட்டது. அந்தக் கொழுப்புகள் எண்டோசோமின் பிந்தைய கட்டத்தில்தான் அதிகம். ஆக வைரஸ் அமிலத்தை மட்டும் பார்க்கவில்லை, எந்தக் கொழுப்பின் மேல் நிற்கிறோம் என்பதையும் பார்க்கிறது. இரண்டாம் முறை வேறு வகை டெங்கு வந்தால் ஆபத்து கூடுவதற்கு முக்கியமான விளக்கமும் சவ்வுப் புரதம் சார்ந்ததே. முதல் தொற்றில் உண்டான எதிர்ப்பொருள் புதிய வைரஸை முடக்கும் அளவுக்குப் பொருந்தாமல் ஒட்டிக்கொள்கிறது. எதிர்ப்பொருளின் வாலைப் பிடிக்கும் ஏற்பி நம் வெள்ளணுக்களில் இருக்கிறது. வைரஸ் அந்த வழியாக அதே வெள்ளணுவுக்குள் சுலபமாகப் போய்விடுகிறது.

பொறி என்ற புரிதல் தடுப்பூசிக்கு நேரடியாகப் பயன்பட்டது. பாய்ந்து முடிந்த புரதத்தைத் தடுப்பூசியில் வைத்தால், உடல் தவறான வடிவத்தைப் பார்த்துப் பழகும். குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸுக்கு 1960களில் செய்த தடுப்பூசி நோயைக் கூட்டியது, இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன, பாய்ந்துவிட்ட வடிவம் அதில் மிகுந்திருந்தது என்பது ஒன்று. 2013இல் பாயாத வடிவம் படம் பிடிக்கப்பட்டது, அதை இறுக்கிக் கட்டிய தடுப்பூசிகள் 2023இல் அனுமதி பெற்றன. கொரோனாவின் ஸ்பைக் புரதத்திலும் 986, 987 ஆகிய இரு இடங்களில் புரோலின் என்ற விறைப்பான அமினோ அமிலத்தை வைத்து, சுருள் நிமிராமல் பூட்டினார்கள். ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளில் இந்தப் பூட்டு உண்டு. நம்மில் பலர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டில் இல்லை, இருந்தும் அது பாதுகாப்புத் தந்தது. ஆகவே பூட்டு உதவுகிறது என்பது உறுதி, அது இல்லாமல் முடியவே முடியாது என்பது உறுதியல்ல.

எந்தச் சவ்வில் இணைவு நடக்கிறது என்பதைக் கவனிக்காததால் வந்த ஒரு பெரிய ஏமாற்றத்தையும் சொல்ல வேண்டும். குளோரோகுயின் எண்டோசோமின் அமிலத்தைக் குறைக்கும். குரங்குச் சிறுநீரகச் செல்களில் அது கொரோனாவை நன்றாகத் தடுத்தது, உலகமே நம்பிக்கை வைத்தது. ஆனால் மனித நுரையீரல் செல்களின் மேற்பரப்பில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதி இருக்கிறது. அது ஸ்பைக்கை வாசலிலேயே வெட்டிவிடுவதால், வைரஸ் எண்டோசோமுக்குப் போகாமல் செல்லின் வெளிச்சவ்வோடேயே இணைந்துகொள்கிறது. அமிலமே தேவைப்படாத இடத்தில் அமிலத்தைக் குறைத்து என்ன பயன்? 2020இல் நுரையீரல் செல்களில் செய்த சோதனை இதைக் காட்டியது. நோயாளிகளிடம் நடந்த பெரிய பரிசோதனையில் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் பலன் தரவில்லை.

பாக்டீரியாக்களுக்கு இந்த இணைவு வேலை கிடையாது. அவை தம் நச்சுப் புரதங்களை அனுப்புகின்றன. ஸ்டாஃபிலோகாக்கஸ் விடும் ஆல்பா நச்சு நீரில் கரைந்த தனித் துண்டுகளாக வருகிறது, நம் சவ்வின் மேல் ஏழு துண்டுகள் கூடி ஒரு பீப்பாயாகிச் சவ்வைத் துளைக்கின்றன. நீங்கள் தேடிய கதவு போன்ற ஓட்டை இங்கேதான் உண்மையாகிறது. காலரா அதைவிடத் தந்திரமானது. 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே, பாக்டீரியாவே இல்லாத வடிநீர் முயலின் குடலில் நீரைக் கொட்டவைக்கும் என்று காட்டி, காலரா ஒரு நச்சின் வேலை என்பதை நிறுவினார். அந்த நச்சின் ஐந்து துண்டுகள் குடல் செல்லின் சவ்வில் ஜிஎம்1 என்ற கொழுப்பைப் பிடிக்கின்றன. ஆம், இங்கே ஏற்பி புரதமே இல்லை, சர்க்கரை சூடிய கொழுப்பு. ஆறாவது துண்டு உள்ளே போய்ச் செல்லின் சமிக்ஞையைத் திறந்த நிலையில் மாட்டிவிடுகிறது, நம்முடைய சொந்த குளோரைடு குழாய் மூடாமல் ஓடுகிறது, உப்பும் நீரும் கொட்டுகின்றன. சவ்வில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் அதே சவ்வில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே இழுக்கும் இன்னொரு புரதத்தைக் காலரா தொடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் வேலை செய்வது அந்தப் புரதத்தால். 1971இல் வங்காள எல்லையில் போங்காவ் அகதி முகாமில் திலீப் மகாலனபிஸ் அந்தக் கரைசலைக் கொடுத்தபோது, அங்கே இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. சவ்வுப் புரதங்களைப் பற்றிய அறிவு இவ்வளவு மலிவாக இத்தனை உயிர்களைக் காப்பாற்றிய வேறோர் உதாரணம் எனக்குத் தெரியாது.

மலேரியா ஒட்டுண்ணி என் துறைக்குச் சற்றுத் தள்ளி, அதனால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அது சிவப்பணுவில் நுழையும்போது தன் ஏற்பியைத் தானே கொண்டுவருகிறது. முதலில் ரான்2 என்ற தன் புரதத்தை நம் சவ்வுக்குள் செலுத்துகிறது, பிறகு தன் மேலுள்ள ஏஎம்ஏ1 புரதத்தால் அதையே பற்றிக்கொண்டு உள்ளே நகர்கிறது. பூட்டையும் சாவியையும் திருடனே கொண்டுவருகிறான்.

கடைசியாக, சவ்வையே மாற்றிவிட்டால் என்ன என்று கேட்டீர்கள். நம் செல்கள் ஏற்கெனவே அதைச் செய்கின்றன. ஐஎஃப்ஐடிஎம்3 என்ற சிறு சவ்வுப் புரதம் எண்டோசோம் சவ்வில் அமர்ந்து இன்ஃபுளுவென்சா, டெங்கு உட்படப் பல வைரஸ்களின் இணைவைத் தடுக்கிறது என்று 2009இல் தெரியவந்தது. அது இல்லாத எலிகள் இன்ஃபுளுவென்சாவில் மோசமாக நோயுறுகின்றன. இது வரை உறுதி. சவ்வை விறைப்பாக்கித் தடுக்கிறதா, வளைவை மாற்றியா, கொலஸ்ட்ராலைச் சேர்த்தா என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது. மருந்தாகச் செய்ய நினைப்பதில் உள்ள சிக்கல், வைரஸின் உறையும் நம் சவ்வும் ஒரே கொழுப்பால் ஆனவை என்பதே. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: நம் செல் தன் சவ்வைப் பழுதுபார்த்துக்கொள்ளும், வைரஸால் அது முடியாது. இந்த வித்தியாசத்தை நம்பி 2010இல் எல்ஜே001 என்ற மூலக்கூறு வந்தது. உறையுள்ள வைரஸ் எதைக் கொடுத்தாலும் முடக்கியது, செல்களை விட்டுவைத்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கட்டுரையை ஒரு நாள் முழுக்கப் பேசினோம். சில ஆண்டுகளில் அது எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தார்கள். வெளிச்சம் பட்டால் அது ஆக்சிஜனைக் கிளர்த்தி, உறையிலுள்ள கொழுப்பை ஆக்சிஜனேற்றம் செய்து விறைக்கவைக்கிறது. விறைத்த உறை வளையாது, வளையாத உறை இணையாது. ஆய்வுக்கூட மேசையில் வெளிச்சம் எப்போதும் இருக்கிறது, உடம்பின் உள்ளே இல்லை. இருட்டிலும் வேலை செய்யும் ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.